மில்லு மூடலைங்க

அந்தப் பெஞ்சு ஆடுமுங்க, இக்கட்ட வாங்க. நான் வந்ததும் அதுலதான் உக்காந்தேன், பாதி டீ வேட்டில கொட்டிப்போச்சு. லோடு ஏத்தவா வந்திருக்கீங்க? எந்தூரு வண்டிங்க அது? விருதுநகருங்களா. அப்பச் சரி. வெளியூர்க்காரங்ககிட்டப் பேசுனாத்தான் மனசு கொஞ்சம் ஆறுது. உள்ளூர்க்காரன்கிட்ட வாயத் தொறந்தா, "மில்லு மூடிப்போச்சாமே, அடுத்தது என்ன பண்றதா உத்தேசம்"னு கேட்டுப்போட்டு, எம்மூஞ்சியவே பாத்துட்டு நிக்கறான்.

மில்லு மூடலைங்க. நிறுத்தி வெச்சிருக்காங்க. மூடறது வேற, நிறுத்தறது வேற. மூடுனா கணக்கு முடிச்சுக் கையில குடுத்து அனுப்பிருவாங்க. எங்களுக்கு அப்படி ஒண்ணும் பண்ணலை. நூலு குடோன்ல தேங்கிக் கெடக்குது, ஆர்டர் வந்ததும் கூப்பிடறோம்னு மேனேஜரே சொன்னாரு. அப்ப நான் வேலை இல்லாதவனா, நீங்களே சொல்லுங்க. வேலை இருக்குது. அது நடக்கலை, அவ்வளவுதான். இத ஊருக்குள்ள ஒருத்தனுக்குப் புரிய வெக்க முடியலைங்க.

உங்களையும் கம்பெனிக்குள்ள உடலையா? பேக்கிங் முடியலைன்னுட்டானா? அப்ப நீங்களும் டீ டைம் வரைக்கும் உக்கார வேண்டியதுதான். எனக்கும் அதே கதைங்க. ரங்கநாயகின்னு ஒரு அம்மிணி, உள்ள செக்கிங் காண்ட்ராக்ட் எடுத்திருக்குது. அதப் பாக்கோணும்னு கேட்டேன். அந்த வாட்ச்மேன் என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு, "டீ டைமுக்கு வெளிய வருவாங்க, அதுவரைக்கும் ரோட்டுக்கு அக்கட்டப் போய் நில்லுங்க"ங்கறான். எங்க மில்லுல எனக்குக் கீழ இவனாட்ட எத்தன பேருங்க. நான் ஸ்பின்னிங்ல மேஸ்திரி. சின்னப் பையனாப் போயி, சைடரா நின்னு, அப்பறம் மேஸ்திரி ஆனவன். சைடருன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாதில்லீங்களா? நூல் ஓடிட்டே இருக்கும், ஒரு மெஷினுக்கு நூத்துக்கணக்குல. அதுல எங்கியாச்சும் இழை அறுந்தா ஓடிப்போய் சேக்கோணும். நிமிசம் தாமதிச்சாப் பஞ்சு சுத்திக்கும். கண்ணு பாக்கறதுக்கு முன்னாடி கையி போயிரோணும். என்ற கையி போயிருமுங்க. அதுல என்னை அடிக்க எங்க மில்லுல ஆளில்லை.

மில்லு நின்னதும் மத்தவனெல்லாம் என்ன பண்ணுனான் தெரியுமா? மாரியம்மன் கோயில் வேப்பமரத்தடில சீட்டுக்கட்டப் பிரிச்சுட்டான். மிச்சப்பேரு போனத் தடவிட்டுக் கட்டல்ல கெடக்கறான். நான் அப்படி இருக்க மாட்டேனுங்க. ஒடம்பு ஒரு தடவ சோம்பலுக்குப் பழகிருச்சுன்னா அப்பறம் எழுப்ப முடியாது. மொத நாளே முடிவு பண்ணிட்டேன், ஷிஃப்ட்டு ஷிஃப்ட்டாவே இருக்கோணும்னு. வெடியால எந்திரிக்கறது, தண்ணி வாத்துட்டு மில்லுச் சட்டையவே போடறது, சாப்பாட்டு நேரத்துக்குச் சாப்பாடு, டீ நேரத்துக்கு டீ. போன்ல சைரன் சத்தம் வெச்சிருக்கேன், அந்தந்த நேரத்துக்கு அது ஊதும். எம் பொண்ணு தாரணி பிளஸ் டூ படிக்குது. மொத நாளு அது ஊதுனப்ப பதறி எந்திரிச்சுட்டுது. பழகிரும் கண்ணுன்னேன்.

வேலைக்கு என்னங்க பஞ்சம், ஊட்டுல கண்ணத் தொறந்து பாத்தா வேலைதான். மில்லு எண்ணெய் ஒரு டப்பா இருந்துச்சு. ஊட்டுல இருக்கற கதவு, சன்னலு, பீரோ ஒண்ணு உடாம எல்லாத்துக்கும் போட்டேன். மின்னயெல்லாம் கீச்சு கீச்சுன்னு கத்தும். இப்பச் சத்தமே இல்லை. என்ன, பீரோக் கதவு நிக்க மாட்டேங்குது, தன்னால தொறந்துக்குது. வாசக்கதவு சத்தமில்லாமத் தொறக்கறதுல யாரு எப்ப வெளிய போறாங்க, வர்றாங்கன்னே தெரிய மாட்டேங்குது. அதுக்கு ஒரு மணி கட்டோணும்.

அப்பறம் சமையக்கட்டு. எம் பொஞ்சாதி துளசிமணிக்குச் சுத்தம் உண்டு, முறை கெடையாதுங்க. பருப்பு டப்பாவுக்குப் பக்கத்துல டீத்தூளு, அதுக்குப் பின்னால கடுகு. ஒரு நாள் அவ வெளிய போன நேரத்துல எல்லாத்தையும் எறக்கி, தொடச்சு, பெருசுலருந்து சின்னதுவரைக்கும் வரிசையா அடுக்கிப்போட்டேன். மில்லுல நூல் சுத்தற பாபினெல்லாம் அப்படித்தான் இருக்கும், பாத்தாக் கண்ணுக்கு அழகா இருக்கும். வந்து பாத்தா. பொழுதோட தாளிக்கறப்ப கடுகத் தேடித் தேடி, எண்ணெய் பொகஞ்சு, ஊடே இருமுது. பழகோணுமில்லீங்களா, புதுசுன்னா ரெண்டு நாளு அப்படித்தான் இருக்கும். மக்காநாளு பாத்தா டப்பாவெல்லாம் பழைய இடத்துலயே நிக்குது. நான் திருப்பி அடுக்குனேன். அவ திருப்பி மாத்துனா. இப்படியே கொஞ்ச நாளு ஓடுச்சு.

ஆனா எம்மேல அவளுக்கு ஒரு அக்கறை உண்டுங்க, அதச் சொல்லோணும். தெனமும் பொழுதோட கேப்பா, "என்னங்க, நாளைக்கு எங்கியாச்சும் போறீங்களா?" "மில்லுப் பக்கம் போயி விசாரிச்சுட்டு வர்றது", "உங்க தம்பியப் பாத்து நாளாச்சே". நான் சும்மா அடைஞ்சு கெடந்தா மனசு கெட்டுப்போயிரும்னு அவளுக்குக் கவலை. நான் எங்கியும் போகலை துளசி, ஊட்டுல இவ்வளவு வேலை கெடக்குதுல்லன்னுருவேன்.

நடக்கறதுதான் மேஸ்திரி வேலை, தெரியுமுங்களா? ஆளுங்க பின்னாலயே நடந்துட்டு இருக்கோணும். மேஸ்திரி உக்காந்தா மெஷினு உக்காந்துரும். என்ற காலுக்கு அது பழகிப்போச்சு. தாரணி படிக்கறப்ப பின்னால நடப்பேன். ஒண்ணும் பேச மாட்டேனுங்க, சும்மா இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கறது. புள்ளை பக்கத்தத் திருப்பலைன்னா மட்டும் லேசா இருமுவேன். அது ஒரு நாளு, "அப்பா, நான் கௌசி ஊட்டுல போய்ப் படிச்சுக்கறேன்"னு பையத் தூக்கிட்டுப் போயிருச்சு. கௌசி கூடப் படிக்கற புள்ளை, அவ ஊட்டுல ரெண்டு சின்னப்புள்ளைக, டிவி வேற ஓடுது. சொந்த ஊட்ட உட்டுப்போட்டு அந்தச் சத்தத்துல போய் எப்படிப் படிக்குதோ.

இப்ப சமாச்சாரத்துக்கு வர்றேன். எதுக்கு இங்க வந்து நிக்கறேன்னு கேட்டீங்கல்ல.

இந்தக் கம்பெனில கொழந்தைத் துணிதான் தெக்கறாங்க, பச்சக் கொழந்தைக்குப் போடற பனியனு. தெச்சதும் தையல் முடியற எடத்துலயெல்லாம் நூலு நீட்டிட்டு நிக்கும். அதுக்குப் பேரு பிசிறு. அத ஒட்ட வெட்டி எடுக்கோணும். ஊட்டுக்கே மூட்டையாக் கட்டிக் குடுப்பாங்க, பொம்பளைங்க உக்காந்து வெட்டிக் குடுத்துருவாங்க. துளசிமணி ரொம்ப வருசமா வெட்டறா. மில்லு ஓடறப்ப அது பூ வாங்கற காசு. மில்லு நின்னப்பறம் அதுதாங்க அரிசி பருப்பு எல்லாமே. நான் இல்லைன்னு சொல்லலை.

பக்கத்தூட்டுப் பாவாத்தாளும் வந்து உக்காந்துக்கும். ரெண்டும் வாசப்படி வெளிச்சத்துல மூட்டையப் பிரிச்சு வெச்சுட்டு, வாய் ஒரு பக்கம், கத்திரி ஒரு பக்கம் ஓடும். நான் மில்லுல இருந்தவரைக்கும் இதெல்லாம் பாத்ததில்லை. பாத்தா எனக்குத் தாங்கலைங்க. வேலை பண்ற எடத்துல என்ன பேச்சு? யாரு மருமக யாரத் திட்டுனா, யாரூட்டு நாயி குட்டி போட்டுச்சு. பின்னால நடந்து பாத்தேன். நான் நடந்தா ரெண்டும் வாய மூடிக்கும், திரும்புனா ஆரம்பிச்சுரும். ஒரு நாளு சொல்லிட்டேன், "பாவாத்தா, கத்திரி ஓடறப்ப வாய் ஓடுனா வெட்டற பீஸு குறையும்." தப்பா? நல்லதுக்குத்தானுங்க சொன்னேன். அதுலருந்து பாவாத்தா வரலை. துளசிமணி தனியா உக்காந்து வெட்டுனா. சத்தமே இல்லை. வேலை சுத்தமா நடந்துச்சு. ஆனா என்னமோ, பீஸு கூடலைங்க. அது எனக்கு இன்னும் புரியலை.

அப்பறம் ஒரு நாளு தாரணி பள்ளிக்கூடத்துல பெத்தவங்களக் கூப்பிட்டிருந்தாங்க. நான் வர்றேன்னேன், அம்மா வரட்டும்னுட்டுது. துளசிமணி கெளம்பறப்ப மூட்டைல பாதிக்கு மேல கெடந்துச்சு. பொழுதோட கம்பெனில குடுத்தாகோணும். "வந்து வெட்டிக்கறேன், நீங்க அதத் தொட வேண்டாம்"னு ரெண்டு தடவ சொல்லிட்டுப் போனா. எனக்குப் பாவமா இருந்துச்சுங்க. வெயில்ல அலைஞ்சுட்டு வந்து குனிஞ்சு உக்காருவாளே. நாம முடிச்சு வெச்சாச் சந்தோசப்படுவாளேன்னு நெனச்சேன். மூட்டையப் பிரிச்சேன்.

ஒரு பனியன எடுத்தனுங்க, உள்ளங்கை அகலந்தான் இருக்கும். கழுத்துல ரெண்டு நூலு, ஒண்ணு இப்படி, ஒண்ணு அப்படி, அறுந்து தொங்குது. கத்திரி கையில இருக்குது. வெட்டோணும்னு தெரியும். ஆனா எனக்கு வெட்ட வரலைங்க. நீங்க சிரிப்பீங்க. அத்தன வருசம் அறுந்த இழையக் கண்டாச் சேத்தவன். நூல எப்படிங்க வேணும்னே வெட்டறது? ஏதோ பண்ணக்கூடாததப் பண்றாப்பல இருந்துச்சு. நான் யோசிச்சுட்டு இருக்கறப்பவே கையி முடிச்சப் போட்டுருச்சு. கடுகாட்ட ஒரு முடிச்சு. பாத்தேன். அழகா இருந்துச்சு. இழுத்துப் பாத்தேன், அசையலை. வெட்டி உட்டா ரெண்டு தடவ தொவச்சாத் தையலு பிரியும். இது அந்தக் கொழந்தை வளந்து, அதுக்கொரு கொழந்தை பொறந்து போட்டாலும் பிரியாது. அப்பறம் நிறுத்த முடியலைங்க. கழுத்து, கையி, இடுப்பு, எங்கெங்க நூலு நிக்குதோ அங்கெல்லாம் முடிச்சு. மில்லு நின்னதுலருந்து அன்னைக்குத்தான் என்ற கையி கையா இருந்துச்சு. சைரன் ஊதுனதுகூடக் காதுல உழுகலை.

மூட்டையக் கட்டி, மொபட்ல வெச்சு, அவ வர்றதுக்குள்ள நானே கொண்டுட்டு வந்து குடுத்துட்டேன். இதே கேட்டுலதான். திரும்பிப் போயி காலு மேல காலு போட்டு உக்காந்துட்டு, வந்தவகிட்ட, "எல்லாம் முடிஞ்சுது, போய்ப் படு"ன்னேன். அவ மொகம் என்னமோ வெளுத்துப்போச்சு. சந்தோசத்துல அப்படி ஆகுமில்லீங்களா.

மக்காநாளு ரங்கநாயகி வந்து வாசல்ல நின்னுச்சு. கையில நாலு பனியனு. "பச்சக் கொழந்தை கழுத்துல முடிச்சா? ஒறுத்தாது? தோலு கிழியாது? துணி வாங்கற வெள்ளைக்காரன் இதப் பாத்தா மொத்தச் சரக்கையும் திருப்பி அனுப்புவான், யாரு வேலைடீ இது?" தெருவே வந்து நிக்குது. துளசிமணி, "நாந்தானுக்கா, தெரியாமப் பண்ணிட்டேன், நானே உக்காந்து எல்லாத்தையும் பிரிச்சுத் தர்றேன்"ங்கறா. எனக்குப் பொறுக்கலைங்க. என்னத்துக்கு இவ பழிய ஏத்துக்கறா? நான் பண்ணுன வேலையில என்ன தப்பு? முன்னால போயி நின்னு, "நாந்தான் போட்டேன். உங்க தையலு சரியில்லை, முடிச்சுனாலதான் அது நிக்குது. உங்க டெய்லரக் கூப்பிடுங்க, நான் பேசறேன்"னேன். நூல் சமாச்சாரம் எனக்குச் சொல்லித் தர்றதுக்கு இந்த அம்மிணிக்கு என்ன தெரியும்னும் ஒரு வார்த்தை வந்துருச்சு. வந்துருச்சு, என்ன பண்றது. ரங்கநாயகி என்னைப் பாக்கவே இல்லை. துளசிமணியப் பாத்து, "இனி உங்கூட்டுக்கு மூட்டை வராது"ன்னுட்டுப் போயிருச்சு.

துளசிமணி ஒரு வார்த்தை திட்டலைங்க. திட்டியிருந்தா நானும் ரெண்டு வார்த்தை பேசியிருப்பேன், அன்னைக்கோட முடிஞ்சிருக்கும். வெறுஞ்சாக்க ஒதறி, நாலா மடிச்சு, கட்டலுக்கடில வெச்சுட்டு, போயி அடுப்பப் பத்த வெச்சா. இந்தப் பொம்பளைங்க பேசாம இருக்கறாங்களே, அது நம்மளக் கொன்னுபோட்டுருமுங்க.

ரெண்டு நாளு கழிச்சு, அவங்கக்கா கால் வழுக்கி உழுந்துருச்சாமா. கூட மாட ஒத்தாசைக்கு ஆளில்லையாம். தெனமும் வெடியாலயே தூக்குப்போசில சோத்தக் கட்டிட்டுக் கெளம்பறா, இருட்டற நேரத்துக்கு வர்றா. அக்கா ஊட்டுக்குப் போறவ எதுக்குடீ சோறு கட்டறேன்னேன். "அங்க அடுப்புக்கிட்ட யாரு நிக்கறது"ங்கறா. அதுவுஞ் சரிதான். நான் வந்து அவங்க ஊட்ட ஒழுங்கு பண்ணித் தரட்டுமா, கதவுக்கெல்லாம் எண்ணெய் போட்டுத் தரட்டுமான்னேன். "நீங்க வந்தா அக்காவுக்குக் கூச்சமா இருக்கும்"னுட்டா. பாருங்க, அவளுக்கு எவ்வளவு நாகரிகம்.

ஆனா ஒண்ணுதாங்க எனக்கு ஆகலை. வாரத்துக்கொருக்கா அரிசி, எண்ணெய், பருப்புன்னு பையில கொண்டாந்து எறக்கறா. ஏதுன்னு கேட்டா, "அக்கா குடுத்துச்சு." தாரணிக்கு ஃபீஸ் கட்டியாச்சு. ஏதுடீ? "அக்கா குடுத்துச்சு." எனக்குத் தொண்டையில எறங்குமாங்க அந்தச் சோறு? சகலை ஊட்டு அரிசியத் திங்கறதுக்கா நான் மேஸ்திரியா இருந்தேன்? நேத்துப் பொழுதோட தட்டத் தள்ளி வெச்சுட்டு எந்திரிச்சுட்டேன். தாரணிதான், "அப்பா, பேசாமச் சாப்பிடுங்க, அம்மா காலு வீங்கியிருக்குது பாருங்க"ன்னுச்சு. வீங்காதா, நோயாளியப் பாக்கறதுன்னா நின்னுட்டேதானே இருக்கோணும்.

அதுக்குத்தான் வந்திருக்கேன். ரங்கநாயகிகிட்ட மறுபடியும் மூட்டை கேக்கப் போறேன். மூட்டை வந்துட்டா துளசிமணி ஊட்டோட இருப்பா, அக்கா அரிசி வேண்டாம். மன்னிப்பெல்லாம் எதுக்குங்க, தன்மையா எடுத்துச் சொல்லுவேன். முடிச்ச எங்க போட்டா ஒறுத்தாது, எந்த நூல வெட்டலாம், எத வெட்டக்கூடாதுன்னு ஒரு முறை இருக்குதில்ல. ஏனுங்க சிரிக்கறீங்க? சரி, முறையப் பத்திப் பேசலை. மூட்டைய மட்டும் கேக்கறேன். நீங்க சொல்றதும் நாயந்தான். மில்லுக்கும் இப்படித்தான் தன்மையாப் போன் பண்ணிப் பாக்கறேன். மின்ன எடுத்துட்டு இருந்தாங்க. இப்ப அடிச்சுட்டே இருக்குது, எடுக்க மாட்டேங்கறாங்க. வேலையா இருப்பாங்க.

பெல்லு அடிச்சுட்டான். இருங்க, கேட்டத் தொறக்கறான்.

எல்லாம் மூஞ்சில துணியக் கட்டிட்டு வருதுங்க, யாரு எவருன்னு ஒண்ணும் தெரியலை. இப்பத்தான் அவுக்கறாங்க. ரங்கநாயகி கொஞ்சம் ஒசரமா இருக்கும், மூக்குத்தி போட்டிருக்கும். அதா, அதில்லை. அக்கட்ட வர்றது பாவாத்தாளாட்ட இருக்குது. பாவாத்தாளேதான். இவ எப்ப இங்க வந்து சேந்தா? பக்கத்தூட்டுல இருந்துட்டு ஒரு வார்த்தை சொல்லலை பாருங்க.

டிரைவரே, உங்களுக்குத் தூரப்பார்வை நல்லாத் தெரியுமில்ல? பாவாத்தா தோளப் புடிச்சுட்டு ஒருத்தி வர்றாளே, பச்சச் சீல. சிரிப்புல நடக்க முடியாம நின்னு நின்னு வர்றா பாருங்க. கையில தூக்குப்போசி.

அது துளசிமணிங்க.

அவங்கக்கா ஊடு இந்தப் பக்கமே இல்லைங்க. பல்லடம் ரோட்டுல இருக்குது.

அப்ப அந்த அரிசி. அந்த ஃபீஸு.

எனக்குக் கோவம் வருதுங்க. வராதா? கட்டுன புருசன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனா என்ன? நான் என்ன, வேண்டாம்னா சொல்லியிருப்பேன்? நேராப் போயி நாலு பேரு முன்னால கேக்கோணும். கேக்கத்தான் போறேன். அந்தப் பாவாத்தாளையும் சேத்துக் கேக்கோணும்.

அப்படி என்ன சொல்லிச் சிரிக்குதுங்க ரெண்டும்? யாரூட்டு நாயி குட்டி போட்டுச்சோ. அவ இப்படிச் சிரிக்கறத நான் பாத்து, பாத்து, எப்பன்னே ஞாபகம் வர மாட்டேங்குதுங்க. கல்யாணமான புதுசுல இருக்கும். தாரணி பொறக்கறதுக்கு மின்ன.

இக்கட்டத்தான் வர்றாங்க, இந்தக் கடைக்குத்தான். என்னைப் பாத்தா நின்னு போயிருமுங்க அந்தச் சிரிப்பு. எனக்குத் தெரியும். ஊட்டுக்குள்ள நான் வர்றப்ப நிக்கறது எனக்குத் தெரியாதா?

டிரைவரே, சித்த எந்திரிச்சு எம்முன்னால நில்லுங்க. இன்னுங் கொஞ்சம் இந்தப் பக்கம். துண்டத் தோள்ல விரிச்சுப் போட்டுக்கோங்க. ஆமா, அப்படியே நில்லுங்க, அவ டீ குடிச்சுட்டு உள்ள போயிரட்டும்.